கால் மணிக்கு ஒரு பொழுது! இரட்டையர் கட்டிய குட்டி ரெயில் உலகம்

கால் மணிக்கு ஒருமுறை அந்த ஊரில் பொழுது சாய்கிறது.

தெரு விளக்குகள் ஒவ்வொன்றாக எரிகின்றன. வீட்டு ஜன்னல்களில் வெளிச்சம் தெரிகிறது. மலைக்குகையில் இருந்து ஒரு விரைவு ரெயில் வெளியே வருகிறது. பாலத்தைக் கடந்து, வளைவில் திரும்பி, நிலையத்தில் போய் நிற்கிறது. எங்கோ ஒரு வீட்டில் தீப்பிடிக்கிறது. தீயணைப்பு வண்டிகள் நீல விளக்கை மின்னவிட்டுக்கொண்டு ஒன்றன்பின் ஒன்றாகத் தெருவில் விரைகின்றன.

தீ அணைகிறது. வண்டிகள் திரும்புகின்றன. பொழுது விடிகிறது.

இத்தனையும் நடப்பது ஒரு கட்டடத்தின் மாடியில்! அந்த ஊரில் வாழும் மனிதர்களின் உயரம் 2 சென்டிமீட்டர்தான்.

ஜெர்மனி நாட்டின் பெரிய துறைமுக நகரம் ஹாம்பர்க். அங்கே கால்வாய் ஓரமாக, செங்கல்லால் கட்டிய பழைய சரக்குக் கிடங்குகள் வரிசையாக நிற்கின்றன. ஒரு காலத்தில் காப்பிக் கொட்டையும் கம்பளமும் அடுக்கிவைத்த இடம். அந்தக் கிடங்குகளில் ஒன்றில்தான் இந்தக் குட்டி உலகம் இருக்கிறது. அதன் பெயர் 'மினியாட்டூர் வுண்டர்லாண்ட்'. 'குட்டி அதிசய உலகம்' என்று பொருள்.

உலகத்திலேயே மிகப் பெரிய மாதிரி ரெயில் அமைப்பு என்று கின்னஸ் புத்தகத்தில் இடம்பெற்றது இது. ஆயிரத்துக்கும் அதிகமான ரெயில்கள் இருக்கின்றன. தண்டவாளத்தின் நீளம் மட்டும் சுமார் 16 கிலோமீட்டர்!

16 கிலோமீட்டர் என்றால் தாதரில் இருந்து அந்தேரி போய்த் திரும்பும் தூரம்கூட இல்லையே என்று நினைக்க வேண்டாம். அங்கே எல்லாம் 87-ல் ஒரு பங்காகச் சுருக்கப்பட்டிருக்கிறது. 16 கிலோமீட்டரை 87-ஆல் பெருக்கிப் பார்த்தால் 1,392 கிலோமீட்டர் வரும். மும்பையில் இருந்து சென்னைக்குப் போகும் ரெயில் பாதையைவிட அது நீளம்!

சூரிச் நகரத்துக் கடை

இதைக் கட்டியவர்கள் பிரெடரிக் பிரவுன், கெரிட் பிரவுன் என்ற இரட்டைச் சகோதரர்கள். 1967-ல் பிறந்தவர்கள். இருவரும் ஹாம்பர்க்கில் ஒரு நடன விடுதி நடத்தி வந்தார்கள். இரவு முழுவதும் பாட்டும் கூத்துமாக இருக்கும் தொழில். பணத்துக்குக் குறைவில்லை. ஆனால் வயது 30-ஐத் தாண்டியபோது அந்தத் தொழிலில் முன்பிருந்த பிடிப்பு இல்லை.

2000-ம் ஆண்டு ஜூலை மாதம். பிரெடரிக் சுவிட்சர்லாந்தில் உள்ள சூரிச் நகரத்துக்கு விடுமுறைக்குப் போயிருந்தார். தெருவில் நடந்து போகும்போது ஒரு கடை கண்ணில் பட்டது. பொம்மை ரெயில் விற்கும் கடை.

சின்ன வயதில் சகோதரரும் தானும் தரையில் படுத்துக்கொண்டு ரெயில் விட்டு விளையாடியது நினைவுக்கு வந்தது. அன்றைக்கே ஊருக்குப் போன் போட்டார்.

'உலகத்திலேயே பெரிய மாதிரி ரெயிலை நாம் கட்டப்போகிறோம்' என்பதுதான் சேதி.

சகோதரருக்குப் புத்தி பேதலித்துவிட்டதோ என்று கெரிட்டுக்குச் சந்தேகம். ஆனால் போன் திரும்பத் திரும்ப வந்தது. ஒவ்வொரு முறையும் ஒரு புது யோசனை வந்தது. கெரிட் எந்திரம், மின்சாரம், கம்ப்யூட்டர் ஆகியவற்றில் கைதேர்ந்தவர். 'இது முடியுமா?' என்று அவர் மனதுக்குள் கணக்குப் போடத் தொடங்கினார். கணக்கு சரியாக வந்தது. அதற்குப் பிறகு அவரையும் பிடித்து நிறுத்த முடியவில்லை!

இரண்டு தாளுக்கு 20 லட்சம்

ஆசை வந்துவிட்டது. பணம்?

நடன விடுதியில் சேர்த்த பணம் போதாது. சகோதரர்கள் தங்கள் திட்டத்தை இரண்டே தாளில் எழுதினார்கள். உள்ளூர் சேமிப்பு வங்கிக்கு எடுத்துப் போனார்கள். அவர்கள் கேட்ட கடன் 20 லட்சம் மார்க்!

வீடு கட்ட அல்ல. ஆலை வைக்க அல்ல. பொம்மை ரெயில் விட!

வங்கிக் கடனுக்கு நடையாய் நடந்தவர்களுக்கு இதைக் கேட்டால் சிரிப்பு வரும். ஆனால் கடன் கிடைத்தது. அவர்கள் நடன விடுதியை நடத்திய விதத்தை வங்கி அறிந்திருந்தது. சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறவர்கள் என்ற பெயர் அவர்களுக்கு உதவியது.

கடன் கிடைத்ததும்தான் உண்மையான கவலை ஆரம்பமாயிற்று. சொந்த ஆசைக்கு ரெயில் விடுவது வேறு. காசு கொடுத்துச் சீட்டு வாங்கி ஜனங்கள் பார்க்க வருவார்களா என்பது வேறு. வராவிட்டால் 20 லட்சம் மார்க் கடன் தலைமேல் நிற்கும்.

பெண்கள் போட்ட மார்க்கு

அதனால் முன்கூட்டியே கருத்துக் கேட்டார்கள். ஹாம்பர்க்கில் பார்க்கத் தகுந்த இடங்களின் பட்டியல் ஒன்றைத் தயாரித்து, இன்னும் கட்டாத தங்கள் ரெயில் உலகத்தையும் அதில் சேர்த்து, 'எதைப் பார்க்க உங்களுக்கு ஆசை?' என்று கேட்டார்கள்.

ஆண்கள் அதற்கு மூன்றாவது இடம் கொடுத்தார்கள். பெண்களோ கடைசி இடம் கொடுத்தார்கள்!

இந்த மார்க்குதான் அந்த உலகத்தின் தலையெழுத்தை மாற்றியது. குடும்பத்தோடு வெளியே கிளம்பும்போது எங்கே போவது என்று முடிவு செய்வது பெரும்பாலும் வீட்டுக்காரி. அவளுக்குப் பிடிக்காத இடத்தில் கூட்டம் சேராது. என்ஜினின் குதிரைச் சக்தியும் சக்கரத்தின் கணக்கும் அவளை இழுக்காது. வேறு என்ன இழுக்கும்?

மனிதர்களின் கதைதான் இழுக்கும். சகோதரர்கள் அதைப் பிடித்துக்கொண்டார்கள். ரெயில் ஓடும் வழியெல்லாம் குட்டி மனிதர்களை நிறுத்தினார்கள். ஒரு பக்கம் கல்யாணம், ஒரு பக்கம் திருவிழா. சந்தையில் பேரம், தெருவில் சண்டை, வயல் ஓரத்தில் காதலர்கள். இன்று அங்கே இருக்கும் பொம்மை மனிதர்களின் எண்ணிக்கை இரண்டரை லட்சத்துக்கும் மேல்! ரெயிலைப் பார்க்க வந்தவர்கள் ரெயிலை மறந்து அவர்களைத் தேடிக்கொண்டு நிற்கிறார்கள்.

2000 டிசம்பரில் வேலை தொடங்கியது. 2001 ஆகஸ்டு 16-ந் தேதி கதவு திறந்தது. எட்டே மாதம்! வரைபடத்தில் எங்கே தேடினாலும் கிடைக்காத 'குனுபிங்கன்' என்ற கற்பனை ஊரும், ஆஸ்திரிய மலைகளும் முதலில் வந்தன.

கூட்டமும் வந்தது. வாசலில் வரிசை நின்றது. பெண்களும் வந்தார்கள்!

87-ல் ஒரு பங்கு

மாதிரி ரெயிலுக்கு முதல் விதி, அளவு. என்ஜின் ஓர் அளவிலும் வீடு வேறோர் அளவிலும் இருந்தால் அது பொம்மைக் கடை ஆகிவிடும். எல்லாம் ஒரே விகிதத்தில் இருந்தால்தான் கண் ஏமாறும். உலகில் அதிகம் பேர் பின்பற்றுவது 'எச்.ஓ.' என்ற அளவு. அதுதான் 87-ல் ஒரு பங்கு.

ஐரோப்பாவில் இரண்டு தண்டவாளங்களுக்கு நடுவே உள்ள இடைவெளி 1,435 மில்லிமீட்டர். 87-ஆல் வகுத்தால் பதினாறரை மில்லிமீட்டர். அந்த அளவில்தான் கடையில் தண்டவாளம் கிடைக்கிறது.

நம் நாட்டு அகலப் பாதை 1,676 மில்லிமீட்டர். அதே விகிதத்தில் அது 19 மில்லிமீட்டருக்குச் சற்று மேல் வரும். அந்த அளவில் தண்டவாளம் கடையில் எளிதாகக் கிடைக்காது. ஆகையால் இந்திய ரெயிலை மாதிரி செய்கிறவர்கள் பெரும்பாலும் ஐரோப்பிய அளவுத் தண்டவாளத்தின் மேலேயே நம் பெட்டிகளை ஓட்டுகிறார்கள். அந்த மூன்று மில்லிமீட்டர் வித்தியாசம் தெரிந்தவர்களுக்கு மட்டும் உறுத்தும்!

சென்னை பெரம்பூர் தொழிற்சாலையில் இருந்து வந்த பெட்டி ஒன்றின் நீளம், இணைப்புகளோடு சேர்த்து, சுமார் 22.3 மீட்டர். மாதிரியில் அது 25 சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் அதிகம். ஊருக்குப் போகும் 24 பெட்டி வண்டியை அப்படியே செய்தால் ஆறு மீட்டருக்கு மேல், அதாவது 20 அடி நீளம்!

எல்லாவற்றையும் அளவுப்படி செய்யவும் முடியாது. சுவிட்சர்லாந்தின் புகழ்பெற்ற மட்டர்ஹார்ன் சிகரத்தின் உயரம் 4,478 மீட்டர். 87-ல் ஒரு பங்கு என்றால் 51 மீட்டர் வரும். 15 மாடிக் கட்டடத்தைவிட உயரம்! ஹாம்பர்க்கில் 2007-ல் சுவிட்சர்லாந்துப் பகுதியைத் திறந்தபோது அந்தச் சிகரத்தைச் சுமார் 6 மீட்டரோடு நிறுத்திக்கொண்டார்கள். அதற்கே மாடியின் தளத்தைத் துளைத்து, இரண்டு மாடி உயரத்துக்கு மலையை எழுப்ப வேண்டியிருந்தது.

மலை எழும் விதம்

மலை செய்யும் விதம் எளிதானது. முதலில் பலகையை மலையின் விளிம்பு போல வெட்டி வரிசையாக நிறுத்துகிறார்கள். அதன் மேல் கம்பி வலை போர்த்துகிறார்கள். வலை மேல் பிளாஸ்டர் மாவைக் குழைத்துப் பூசுகிறார்கள். பாதி காய்ந்த நிலையில் கத்தியாலும் பிரஷ்ஷாலும் கீறிக்கீறிப் பாறையாக்குகிறார்கள். பிறகு வர்ணம்.

வர்ணத்தில்தான் சூட்சுமம் இருக்கிறது. புதுப் பெட்டி பளபளவென்று இருந்தால் அது பொம்மை. சக்கரத்துக்குப் பக்கத்தில் துரு நிறம், கூரை மேல் கரி, சுவரில் மழைநீர் வழிந்த கறை. இவை ஏறிய பிறகுதான் அது ரெயில்!

ரெயில் ஓடுவது மின்சாரத்தில். இரண்டு தண்டவாளமும் இரண்டு மின் கம்பி. சக்கரம் வழியாக மின்சாரம் ஏறி என்ஜினில் உள்ள மோட்டாரைச் சுழற்றுகிறது. முன்பெல்லாம் ஒரே பாதையில் இரண்டு என்ஜினை நிறுத்தினால் இரண்டும் சேர்ந்தே ஓடும், சேர்ந்தே நிற்கும். இப்போது ஒவ்வொரு என்ஜினுக்குள்ளும் ஒரு சின்ன மின்னணுச் சில்லு இருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் ஓர் எண். எந்த எண்ணைக் கூப்பிடுகிறார்களோ அந்த என்ஜின் மட்டும் கட்டளையைக் கேட்கும்.

தெருவில் ஓடும் கார்களுக்குத் தண்டவாளம் இல்லை. அவை எப்படி வழி தவறாமல் போகின்றன? தெருவுக்கு அடியில் ஓர் இரும்புக் கம்பி புதைந்திருக்கிறது. காரின் முன்சக்கரத்தோடு ஒரு குட்டிக் காந்தம். காந்தம் கம்பியை விடாமல் பின்தொடர்கிறது. பாட்டரி தீர்ந்துபோகும் நிலை வந்தால் கார் தானே போய் மின்சாரம் ஏற்றிக்கொண்டு திரும்புகிறது!

2005-ல் வந்த ஸ்காண்டிநேவியப் பகுதியில் 30 ஆயிரம் லிட்டர் உண்மையான தண்ணீர். அதில் கப்பல் ஓடுகிறது. 2011 மே 4-ந் தேதி திறந்த விமான நிலையத்துக்கு மட்டும் ஆறு ஆண்டு உழைப்பும் 35 லட்சம் யூரோவும் செலவாயின. விமானம் ஓடுபாதையில் ஓடி, மூக்கைத் தூக்கி, மேலே எழுந்து, சுவருக்குள் மறைகிறது. மெல்லிய கம்பிகள் கீழிருந்து அதைத் தூக்குகின்றன. அது தெரிந்த பிறகும் குழந்தைகள் கை தட்டுகிறார்கள். பெரியவர்களும்தான்!

தூசிதான் எதிரி

கட்டுவது பாதி வேலை. தினமும் காட்டுவது மீதிப் பாதி.

வீட்டில் ரெயில் விடுகிறவர் வண்டி தடம் புரண்டால் கையால் எடுத்து வைத்துவிடலாம். ஆயிரம் பேர் பார்த்துக்கொண்டிருக்கும்போது புரண்டால்? கட்டுப்பாட்டு அறையில் ஊழியர்கள் வரிசையாக உள்ள திரைகளைப் பார்த்துக்கொண்டே இருக்கிறார்கள். எங்காவது வண்டி நின்றால், ஒருவர் மேசைக்கு அடியில் குனிந்து போகிறார். மலைக்கு நடுவே ஒரு மூடி திறக்கிறது. அங்கே ஒரு தலை முளைக்கிறது! 2 சென்டிமீட்டர் மனிதர்களுக்கு நடுவே ஓர் அரக்கனைப் போல!

பெரிய எதிரி தூசி. பார்க்க வருகிறவர்களின் உடையில் இருந்து உதிரும் நூலும் தூசியும் தண்டவாளத்தில் படிகின்றன. சக்கரத்தில் கருப்பு ஏறுகிறது. மின்சாரம் விட்டு விட்டுப் பாய்கிறது. என்ஜின் திக்கித் திக்கி நடக்கிறது. ஆகையால் கூட்டம் இல்லாத நேரத்தில் பிரஷ், உறிஞ்சும் குழாய் சகிதம் துப்புரவு நடக்கிறது. நிஜ ரெயில்வேயில் 'கேங்மேன்' செய்யும் வேலை இங்கேயும் உண்டு. அவர் இல்லாவிட்டால் இங்கேயும் வண்டி ஓடாது.

கொரோனா காலத்தில் கதவை மூட வேண்டி வந்தது. பார்க்க ஆள் இல்லை. ஆனால் கை சும்மா இருக்கவில்லை. தண்டவாளத்தின் இருபுறமும் கண்ணாடிக் கோப்பைகளை அடுக்கி, அளவாகத் தண்ணீர் ஊற்றி, ஓடும் ரெயிலில் கட்டிய குச்சி தட்டித்தட்டிப் போகும்படி செய்தார்கள். 2021-ல் 211 மீட்டர் தூரத்தில் 2,840 சுரங்கள் ஒலித்தன. ஜலதரங்கம் வாசித்தது ரெயில்! அதுவும் கின்னஸில் ஏறியது.

'எனக்குக் கட்டுப்படியாகாது'

இந்த உலகத்தில் மிகச் சிறந்த காட்சி எது? விமானமா, மலையா, கப்பலா?

சீட்டுக் கொடுக்கும் ஜன்னலில் ஜனவரி மாதம் நடந்த காட்சியைத்தான் சொல்ல வேண்டும்.

நுழைவுக் கட்டணம் எல்லாராலும் கொடுக்க முடிந்ததல்ல. நாலு பேர் குடும்பம் என்றால் கூலிக்காரர்களுக்குக் கனமான செலவு. இதை உணர்ந்த சகோதரர்கள், ஜனவரி மாதத்தில் ஓர் ஏற்பாடு செய்து, பல ஆண்டுகள் அதைத் தொடர்ந்தார்கள். பணம் இல்லாதவர்கள் ஜன்னலில் வந்து, தங்களுக்குக் கட்டுப்படியாகாது என்று சொன்னால் போதும். இலவசமாக உள்ளே போகலாம்.

வருமானச் சான்றிதழ் வேண்டாம். ரேஷன் கார்டு வேண்டாம். யாருடைய கையெழுத்தும் வேண்டாம். சொன்னால் நம்புவார்கள்!

இரண்டு தாளை நம்பி 20 லட்சம் கடன் கொடுத்த வங்கிக்கு, இதைவிட நல்ல வட்டி வேறு என்ன இருக்க முடியும்?

புனேயில் ஒரு குட்டி நகரம்

ஹாம்பர்க் எங்கே, நாம் எங்கே என்று பெருமூச்சு விட வேண்டாம். மராட்டியத்திலேயே ஒரு குட்டி ரெயில் நகரம் இருக்கிறது. மலைப்பாதையில் குகைகளை எண்ணிக்கொண்டே புனேக்கு ரெயிலில் போகிறவர்கள், இறங்கியதும் கோத்ரூடு பகுதிக்குப் போனால் அதைப் பார்க்கலாம்.

'ஜோஷி மினியேச்சர் ரெயில்வே மியூசியம்' என்பது அதன் பெயர். பாவ் ஜோஷி என்ற எந்திரப் பிரியர் பல ஆண்டுகளாகச் சேர்த்தும் செய்தும் உருவாக்கியது. 1980-களில் அவர் தமது மாதிரி நகரத்தைப் பொது இடங்களில் பரப்பிக் காட்டினார்.

ஊர் ஊராகக் கொண்டுபோகும் மாதிரிக்கு ஒரு தொல்லை உண்டு. துண்டு துண்டாகப் பிரித்து, ஏற்றி, இறக்கி, மறுபடி பூட்ட வேண்டும். ஒரு பலகையும் அடுத்த பலகையும் சேரும் இடத்தில் தண்டவாளம் ஒரு மயிரிழை விலகினாலும் வண்டி கவிழும். ஒவ்வொரு முறையும் ஒயரை ஒயரோடு பொருத்திப் பார்க்க வேண்டும்.

நிலையான இடத்தில் குட்டி நகரம் அமைந்தது. 1998 ஏப்ரல் 1-ந் தேதி மியூசியம் திறந்தது. புகை விடும் நீராவி என்ஜின், அதிவேக ரெயில், கயிற்றில் தொங்கும் வண்டி, சர்க்கஸ் கூடாரம் எல்லாம் அங்கே உண்டு. பகல் மங்கி, இரவு வந்து, நகரம் விளக்குகளால் ஜொலிக்கும் காட்சியும் உண்டு. ஹாம்பர்க்கில் கதவு திறப்பதற்கு மூன்று ஆண்டு முன்பே புனேயில் இது ஓடத் தொடங்கிவிட்டது என்பது நினைவில் வைக்கத் தகுந்தது.

பத்தடி அறையில் முடியுமா?

இதெல்லாம் இடமும் பணமும் உள்ளவர்கள் சங்கதி. பத்துக்குப் பத்து அறையில் ஐந்து பேர் படுக்கும் வீட்டில் ரெயில் விட முடியுமா?

முடியும் என்கிறார்கள் தெரிந்தவர்கள்.

வட்டப் பாதை போட்டால்தான் இடம் தேவை. வட்டமே இல்லாமல், சுவரில் அடித்த ஒரு பலகை மேலேயே ரெயில் விளையாட்டு ஆடலாம். இங்கிலாந்தில் ஆலன் ரைட் என்பவர் அமைத்த முறை உலகெங்கும் பரவியிருக்கிறது. மூன்றே கிளைப் பாதை. ஒன்றில் ஐந்து சரக்குப் பெட்டி நிற்கலாம். மற்ற இரண்டில் மூன்று மூன்று. மொத்தம் எட்டுப் பெட்டி. சீட்டுக் குலுக்கிப் போட்டு ஐந்து பெட்டிகளை எடுத்து, சீட்டு வந்த வரிசைப்படியே வண்டியைக் கோக்க வேண்டும். முன்னும் பின்னும் தள்ளி, கழற்றி, மாட்டி, ஷண்டிங் செய்துதான் அது முடியும். வரிசைகள் எத்தனை விதம் தெரியுமா? 6,720! தினம் ஒன்று ஆடினால் 18 ஆண்டுக்குப் போதும்.

என்ஜின் ஒன்றைத்தான் காசு கொடுத்து வாங்க வேண்டும். அதன் விலை லேசானதல்ல என்பது உண்மை. மற்றதெல்லாம் கைவேலை. செருப்புப் பெட்டி அட்டையில் நிலையம். தீக்குச்சியில் வேலி. தச்சுப் பட்டறையில் அள்ளிவந்த மரத்தூளுக்குப் பச்சைச் சாயம் போட்டால் புல்தரை.

இந்த வித்தை தமிழர் வீட்டுக்குப் புதிதும் அல்ல. நவராத்திரி வந்தால் மாதுங்காவிலும் செம்பூரிலும் டோம்பிவிலியிலும் கொலுப் படிக்குப் பக்கத்தில் குழந்தைகள் 'பார்க்' கட்டுகிறார்கள். ஈர மண்ணில் மலை. அதன் மேல் கேழ்வரகு தூவினால் நாலு நாளில் பச்சை. கண்ணாடியைப் புதைத்தால் குளம். மலையைக் குடைந்து ஒரு குகை. குகை வாயில் சாவி கொடுத்த ரெயில்.

ஒன்பது நாள் கழித்து அம்மா அதைக் கலைக்கச் சொல்வாள். ஹாம்பர்க்கில் கலைக்கவில்லை. அவ்வளவுதான் வித்தியாசம்!